ஹவுன்ஸ்லோவிலிருந்து குட்மேய்ஸ்: லண்டன் எங்கே முடிகிறது?

லண்டனை மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நாளில் கடக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை. ஊர் பார்க்கப் போகவில்லை. என் சிநேகிதன் குகனுக்கு நான் பேசிவைத்த கல்யாணம் குழம்பப் பார்த்தது. அதைக் காப்பாற்றப் போனேன்.

குகன் குட்மேய்ஸில் இருந்தான், பெண் யாழ்ப்பாணத்தில். மாப்பிள்ளை லண்டன் என்று சொல்லித்தான் பேசினேன். ஆனால் அவன் போட்ட கடிதத்தின் முதுகில், தபால் முகவரிப்படி, பக்கத்து ஊரையும் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்து 'இல்போர்ட், எசெக்ஸ்' என்று இருந்ததாம். இருக்கிற இடத்தையே மாற்றிச் சொல்கிறவன் வேறு என்னென்ன சொல்லியிருப்பான் என்று பெண்ணின் தகப்பன் யோசித்துவிட்டார். போய்ப் பார்த்து முடிவு சொல்லும்படி, ஹவுன்ஸ்லோவில் இருந்த பெண்ணின் தாய்மாமன் சிவலிங்கத்தாரைக் கேட்டார்.

சிவலிங்கத்தார் ஊரில் பட்டினசபையில் வேலை பார்த்தவர். அதைச் சொல்லாமல் மேலே போக ஏலாது. எங்கள் நாடு சின்னது, ஆனால் ஊர்களைத் தரம் பிரிப்பதில் குறைச்சல் இல்லை. கிராமசபை, பட்டினசபை, நகரசபை, மாநகரசபை. ஓர் ஊர் வளர்ந்துவிட்டது என்றால், இவர் போய் வீதி விளக்கு, கழிவுநீர் வாய்க்கால் எல்லாம் பார்த்து எழுதுவாராம். இங்கிலாந்தும் சின்ன நாடுதான், கணக்குத்தான் வேறு. நான் இருந்த நோர்பரிக்குப் பக்கத்துக் குரோய்டனில் மாடிக்கு மேல் மாடி, ஆனால் 'சிட்டி' என்ற பட்டம் இல்லை. பெரிய தேவாலயம் வைத்திருக்கிற குட்டி ஊர்களுக்கு அது உண்டு. லண்டனுக்குள்ளேயே இரண்டு சிட்டி இருக்கிறது. யாருக்கு விளங்கும்? சரி, ரயிலுக்கு வருவோம்.

காலை ஒன்பதரைக்கு நானும் சிவலிங்கத்தாரும் ஹவுன்ஸ்லோ சென்ட்ரலில் ஏறினோம். நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட், ஆளுக்கு மூன்று பவுண்டுக்குச் சற்றுக் கூட. வீடுகள் விட்டுப்போய் வெறுங்காணி எங்கே தொடங்குகிறதோ அங்கே லண்டன் முடிந்தது என்பது சிவலிங்கத்தாரின் முறை. யன்னலோரம் பிடித்துக்கொண்டார். ஏர்ல்ஸ் கோர்ட்டுக்கு முன்னால் ரயில் நிலத்துக்குள் இறங்கியதும் அவருக்குக் கோபம் வந்தது. கீழே கொண்டுபோனால் மனிசன் எல்லையை எப்படிப் பார்க்கிறது என்று என்னைக் கேட்டார், சுரங்கத்தை நான் தோண்டின மாதிரி.

ஹோல்போர்னில் மாறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மேலே ஓடுகிற ரயிலைப் பிடித்தோம். மறுபடி யன்னல். வீடு, கடை, வீடு, வீடு. இல்போர்டுக்குச் சற்று முன்னால் ஓர் ஆறும் கொஞ்சம் புல்லும் வந்தன.

"முடிஞ்சுது தம்பி," என்றார்.

ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் வீடுகள் திரும்ப வந்துவிட்டன. ஆற்றுக்கு அங்காலையும் விடாமல் கட்டியிருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார்.

குட்மேய்ஸில் இறங்கும்போது பதினொன்றேகால். வீடு ஐந்து நிமிட நடை, எங்களுக்கு இருபது நிமிடம். ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் அண்ணாந்து பார்த்தார், வாய்க்கால் மூடியைக் குனிந்து பார்த்தார். மடிப்புக் கலையாத சேர்ட்டோடு வாசலில் நின்ற குகனுக்கு முகம் வெளிறிவிட்டது.

குகனுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த ராணி அக்கா தேத்தண்ணியும் வடையும் வைத்தார். சிவலிங்கத்தார் வடையைத் தொடவில்லை.

"தம்பி, இது லண்டனோ, இல்லையோ?"

"தபால்காரனுக்கு எசெக்ஸ், மாமா. பஸ்காரனுக்கு லண்டன்," என்றான் குகன். "எனக்கு வேலையும் படுக்கையும்தான் தெரியும்."

இது ஒரு பதிலா? நான் அவன் காலை மிதித்தேன். அதற்குள் ராணி அக்கா வாய் திறந்தார்.

"அண்ணை, உங்கட ஹவுன்ஸ்லோவுக்கு மிடில்செக்ஸ் எண்டெல்லோ கடிதம் வாறது? லண்டன் ஆளுக்குத்தான் பெட்டை எண்டால், அவள் மாமன் வீட்டுக்கும் வரேலாது."

சிவலிங்கத்தார் ஒரு வடையை எடுத்தார், அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தார்.

"ஓம் பிள்ளை. நானும் இவ்வளவு காலமும் ஊருக்கு லண்டன் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். இவனைப் பொய்யன் எண்டு எழுதினால் அடுத்தது என்னைத்தான் விசாரிப்பினம்." பிறகு குகன் பக்கம் திரும்பினார். "லைட்டும் வாய்க்காலும் நல்லாக் கிடக்கு. நாள் பாப்பம்."

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், அன்றைக்குத்தான் தண்டவாளம் திருத்துவார்கள். ஹோல்போர்னில் ஓடும் படிக்கட்டு நீளம், முழங்கால் நோவுக்காரர் கவனம். லண்டன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கப் போனால் பகல் முழுக்கப் போதாது, அது ஒவ்வொரு ஊராக விழுங்கிக்கொண்டே வந்த ஊர். ஹீத்ரோவில் ஆளை இறக்கிக் கிழக்கே கொண்டுபோகிறவர்கள் காரில் இரண்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். குகனின் மனைவி வந்திறங்கிய அன்று, ஒன்றரை மணித்தியாலம் ஓடின பிறகு, பின்சீட்டிலிருந்து மெதுவாக, லண்டன் இன்னும் வரேல்லையோ என்று கேட்டாள். முன்சீட்டில் இருந்த சிவலிங்கத்தார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எப்பவோ வந்திட்டுது பிள்ளை. எங்கை எண்டு மட்டும் கேக்கப்படாது."