ஸ்கிரீன் மூடிக்கு அலைந்த கதை

கார் உதிரிபாகம் தேடித் தருகிறவனிடம் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. டெல்லி காஷ்மீரி கேட்டில் பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும், மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

துடைக்கப் போய்

ஆரோக்கியசாமி திண்டுக்கல்காரர். மோதி பாக்கில் ஒரு தமிழ் அதிகாரி வீட்டு டிரைவர். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் மூடி தானாக எழும்பி ஸ்கிரீன் தெரியும், அணைத்தால் மூடிக்கொள்ளும். அப்படி ஒரு டீசல் கார். டெல்லித் தூசிதான் உங்களுக்குத் தெரியுமே. இடுக்கில் துடைப்பதற்காக, எழும்பிக்கொண்டிருந்த மூடியைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டார். மோட்டார் விடுமா? பல்சக்கரம் நொறுங்கி, மூடியும் விண்டுபோயிற்று.

சரிபண்ணு, இல்லாவிட்டால் வேறு இடம் பார் என்று சார் சொல்லிவிட்டாராம். வேலை போனால் சார் வீட்டுப் பின்பக்கம் கொடுத்திருக்கும் அறையும் போகும். மகள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். சர்வீஸ் சென்டரிலோ மூடி தனியாக வராது, ஸ்கிரீனோடு மொத்தமாக மாற்றவேண்டும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

"பல்லு விழுந்ததுக்குத் தலையையே மாத்தச் சொல்றாங்கண்ணே" என்றார்.

எல்லோரும் தேடினார்கள்

மாயாபுரி பழைய சாமான் சந்தையில் யாரும் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். "அச்சா, கிடைச்சிடும்" என்று டீ வாங்கிக் கொடுத்து, போட்டோவை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் விசாரிப்பார்கள். அந்தக் கடைக்காரர் அடுத்த கடையில் விசாரிப்பார்.

உடைந்த மூடியின் போட்டோவை நான்கு பேருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் காஜியாபாத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, ஒரு மூடி வேண்டும் என்று போட்டோ அனுப்பினார். திறந்து பார்த்தால் நான் எடுத்த போட்டோ. என் கட்டைவிரல்கூட ஓரத்தில் இருந்தது.

"ஜல்தி தேடுங்க பையா, யாரோ ஒரு ஏழை டிரைவருக்கு வேலை போயிடுமாம்" என்றார் அவர்.

வெளிநாட்டுச் சரக்கு

நாலாவது வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு செட் வரவழைத்தேன். புத்தம் புதுசு. பெட்டியைப் பிரித்ததும் ஆரோக்கியசாமி சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் அது இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள ஊர்க் காருக்கானது. ஸ்கிரீன் டிரைவர் பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதால் மூடியும் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. இது என் தப்பு. ஆர்டர் கொடுக்கும் அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

அவர் நம்பாமல் அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாட்ட வந்திருந்த மெக்கானிக் குர்மீத் சொன்னார்: "கண்ணாடியில பாத்தா கரெக்டா இருக்கும், பையா."

பொருந்தியது

ஆறாவது வாரம் மாயாபுரிக்கு விபத்தில் நொறுங்கிய ஒரு கார் வந்தது. அதே மாடல். பின்பக்கம் அப்பளமாகியிருந்தது, டேஷ்போர்டில் கீறல்கூட இல்லை. நானே நின்று கழற்றி வாங்கினேன். குர்மீத் மாட்டி, சாவியைத் திருப்பியதும் மூடி சத்தமில்லாமல் எழும்பியது. ஆரோக்கியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

சாரும் வந்திருந்தார். திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "இனிமே இதத் தொடக்கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்லுங்க."

ஒரு மாதம் கழித்து

ஆரோக்கியசாமி மெட்ரோவில் வந்தார். நின்றபடியே பேசினார். டெல்லியில் டீசல் காருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். சாருடைய காருக்கு அது நெருங்கிவிட்டது. வெளியூர் ஆளுக்கு விற்றுவிட்டார். ஆபீஸ் கார் வருவதால் டிரைவர் வேண்டாமாம். அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். மகளுக்குப் பரீட்சை அதற்கு அடுத்த மாதம்.

விற்கத்தான் சரிபண்ணச் சொன்னாரா என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. வாங்க வந்தவன் மூடியை நாலு தடவை தெறந்து பாத்தான். வண்டிய நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்லி அங்கேயே முடிச்சிட்டான்" என்றார்.

பொருள் கிடைக்கவில்லை என்று திட்டு வாங்கியே பழகிய நான், கிடைத்துத் தொலைத்ததற்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டது அன்றுதான் முதல் தடவை.