காதறுந்தவளின் வளை

எங்கள் மகள் காய்ச்சலில் இறந்த பிறகு என் மனைவி வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். புதூர்ப் பக்கம் தரிசாகக் கிடந்த ஒரு கரிசல் நிலத்தில், கூண்டு வைத்து வெள்ளெலிகளைப் பிடித்து, காதில் சிறு தகடு மாட்டித் திரும்ப விடுவது அப்போது என் ஆராய்ச்சி வேலை. ஒவ்வொரு எலியும் எங்கெல்லாம் அகப்படுகிறது என்று பார்த்தால், அது சுற்றிவரும் எல்லை எவ்வளவு, அந்த எல்லைக்குள் வேறு யாரை விடுகிறது என்று தெரியும்.

ஒருநாள் விடிகாலையில் நான் பைக்கை எடுத்தபோது அவள் வந்து பின்னால் உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் நாள் சும்மா நின்று பார்த்தாள். சில நாட்களில் எலியைத் துணிப்பையில் போட்டு எடை பார்க்கவும், பிடரியைப் பிடித்துத் தூக்கவும் பழகிவிட்டாள். அவள் பிடியில் எலிகள் என்னிடம் துள்ளுகிற மாதிரி துள்ளாது. காதோரம் கிழிந்த ஒரு பெண் எலி அடிக்கடி அகப்படும். அதைக் காதறுந்தவள் என்றாள். பக்கத்து வளைப் பெண் எலி தன் எல்லைக்குள் வந்தால் காதறுந்தவள் விரட்டிவிடுவாள் என்றும், ஆண் எலிகள் மட்டும் பல பெண்களின் எல்லைகளைக் கடந்து திரியும் என்றும் சொன்னேன்.

"குட்டி போட்டா அப்பன்காரன் வந்து பாக்க மாட்டானா?"

"வர மாட்டான். அவன் பாட்டுக்குத் திரிவான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கூண்டைத் தேடிப் போனாள். மகளைப் புதைத்த மறுவாரமே நான் கல்லூரிக்குப் போயிருந்தேன். வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

புரட்டாசி முடிகிற சமயம் காதறுந்தவள் ஈன்றிருந்தாள். மடிக்காம்புகள் சிவந்து மயிர் உதிர்ந்திருந்தன. முன்பெல்லாம் ஓடைக்கரை வரைக்கும் போகிறவள், இப்போது வளையை ஒட்டி இருந்த கூண்டுகளில் மட்டும்தான் அகப்பட்டாள்.

"ராத்திரி பூரா கூண்டுல கெடந்தா குட்டிக்குப் பால் யாரு குடுப்பா?" என்றாள் என் மனைவி. "அந்தக் கூண்டுகளை எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு சாயங்காலம் கூண்டு வைக்கப் போனால், வேலை முடிந்ததும் உடைமரத்தடியில் உட்கார்ந்து அந்த வளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பொழுது இறங்கியதும் மூக்கு ஒன்று வெளியே வந்து காற்றை முகர்ந்துவிட்டு உள்ளே போகும். அதைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். அத்தனை மாதங்களில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

ஐப்பசி மழை ஓர் இரவில் மொத்தமாகக் கொட்டியது. மறுநாள் நிலத்துக்குத் திரும்பும் மண்பாதையில் பைக் போகவில்லை. சேற்றில் செருப்பு ஒட்டிக்கொள்ள, கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். வளை வாய் வரைக்கும் தண்ணீர் நின்றது. அங்கே ஆடு மேய்க்கும் அம்மா எங்களைப் பார்த்து வந்தார்.

"விடியக்காலம் ஆட்டைப் பத்திட்டு வந்தேன், வாத்தியாரய்யா. வாயில ஒரு குட்டியைக் கவ்விட்டு அந்தப் பொழி மேட்டுக்கு ஓடுச்சு. திரும்ப வந்து இன்னொண்ணு. மறுபடியும் வந்துச்சு. தண்ணிக்குள்ள எறங்க முடியல. சுத்திச் சுத்தி வந்துட்டுப் போயிருச்சு."

என் மனைவி குனிந்து கையை உள்ளே விட்டாள். இரண்டு குட்டிகளை வெளியே எடுத்தாள். கண் திறக்காத, மயிர் சரியாக முளைக்காத குட்டிகள். பழக்கத்தில் நான் பையைத் திறந்து, செத்த எலிகளை ஆய்வுக்குப் போட்டு வைக்கும் பாட்டிலைத் தேடினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாங்க. புதைச்சிருவோம்."

பொழி வரப்பின் ஓரம் குழி தோண்டினேன். அவளே வைத்து, அவளே மண்ணைத் தள்ளினாள். மண் ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு என்னைய வர விடல," என்றாள். "பொம்பளையாளு சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு எல்லாரும் சேந்து பிடிச்சுக்கிட்டாங்க. பிள்ளைய எங்கன வச்சீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் கேட்காமல் சொல்லக்கூடாது என்று நான் இருந்தேன். அந்தச் சேற்றில் வைத்துத்தான் இருவரும் அழுதோம். ஆடு மேய்க்கிற அம்மா ஆடுகளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். உறவுக்காரர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சிறு பிள்ளைகளைப் புதைக்கிற மூலை சுடுகாட்டின் கீழ்க்கோடியில் இருக்கிறது. மழையில் மேடுகளெல்லாம் கரைந்து ஒன்றாகிக் கிடந்தன. நான் தலைமாட்டில் வைத்த கல்லைக் காணவில்லை. சுவரிலிருந்து அடி எண்ணி நடந்து பார்த்தேன். திரும்பவும் நடந்து பார்த்தேன்.

"இங்கனயா, அங்கனயா?"

"இந்தப் பக்கம்தான்," என்றேன். எந்த இடம் என்று என்னால் காட்ட முடியவில்லை.

அவள் கோபப்படவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து, கை எட்டுகிற மட்டும் மண்ணைத் தடவிக் கொடுத்தாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அங்கேயும் தடவினாள். வேறு யார் பிள்ளைகளோ அங்கே இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறாள். ஊரில் பேசுகிறார்கள், பேசட்டும். சில வாரம் நானும் போவேன். அவள் தடவி முடிக்கும் வரைக்கும் சுவரோரம் நிற்பேன். திரும்பி வரும்போது பிள்ளை பேசிய பேச்சு ஏதாவது ஒன்றை அவள் எடுப்பாள். சில நாள் அதைச் சொல்லி முடிக்க முடியாது. பாதியில் நிறுத்திவிடுவாள். மீதியை நான் சொல்வேன்.