உப்பில் ஓடும் மோட்டார்

பக்டீரியாவின் வாலைச் சுழற்றும் மோட்டாரை ஆராய்வது நல்ல வேலைதான். என்ன வேலை என்று யாராவது கேட்டால்தான் அரை மணித்தியாலம் போய்விடும். என்னைப் போல அகப்பட்டவர்களுக்கு இது தெரியும்.

பூவரசங்குளத்து விளக்கம்

பூவரசங்குளத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்ட வந்த சிவம் அண்ணையும் கேட்டார். நடுவில் இரண்டு புரதம், சுற்றிவர ஐந்து. உப்பிலுள்ள சோடியம் உள்ளே நுழையும்போது அந்த ஐந்தும் சுற்றி, பக்கத்திலுள்ள பெரிய வளையத்தைப் பல்சில்லு மாதிரித் தள்ளும் என்று கடதாசியில் கீறிக் காட்டினேன். நான் ஒரு கிழமை வாசித்துப் பிடித்ததை அவர் தேத்தண்ணி ஆறமுன் பிடித்துவிட்டார்.

"அஞ்சும் ரெண்டும் ஒருக்காலும் சரியாப் பொருந்தி இராது பிள்ளை, அதாலதான் நிக்காமல் சுத்துது."

கொக்கிளாய்ப் போத்தல்

என் பக்டீரியா கடலோடு சேர்ந்த உவர்நீர்க் கொக்கிளாய்க் களப்பிலிருந்து வந்தது. அங்கே இறால் பிடிக்கும் புனிதா அக்காதான் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தருவார்.

"இவ்வளவு இறால் கிடக்க, தண்ணியைக் கொண்டு போறது நீங்கள் ஒராள்தான் தங்கச்சி."

நல்ல தண்ணீர்

வெள்ளிக்கிழமை நுணுக்குக்காட்டியில் பக்டீரியா நீந்தாவிட்டால் கொக்கிளாயை விட்டுவிட்டு, சோடியம் தேவைப்படாத பழைய குடல் பக்டீரியாவுக்கே திரும்ப வேண்டும் என்று என் ஆய்வை மேற்பார்க்கும் சேர் சொல்லிவிட்டார். எனக்கு அதை விட மனமில்லை. அன்று காலை பக்டீரியாவைப் பார்த்துப் பார்த்துக் கழுவினேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு உவர்த் தண்ணீர் என்றாலே முகம் சுளிக்கும். ஃபில்டர் தண்ணீரில், குடல் பக்டீரியாவுக்குக் கலக்கும் அதே சோடியம் இல்லாத கழுவுகரைசலைக் கை தானாகக் கலந்துவிட்டது. ஒன்றுகூட அசையவில்லை. சேர் வர அரை மணித்தியாலம்தான் இருந்தது.

அடுத்த போத்தல் வேணுமோ என்று கேட்க அந்த நேரம் பார்த்துப் புனிதா அக்கா ஃபோன் எடுத்தார். அழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். எதில் கழுவினேன் என்று மட்டும் கேட்டார்.

"களப்பு இறாலையே நல்ல தண்ணியில விட்டால் சுருண்டு போகும், உதுகள் எப்பிடியம்மா ஓடும்?"

சேரின் தீர்ப்பு

சோடியம் மோட்டாரை ஆராய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உப்புக் கரைசலை விட்டுப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கவே நீந்தத் தொடங்கின. சேர் வந்து நெடுநேரம் பார்த்தார். நடந்ததை, புனிதா அக்கா ஃபோனில் சொன்னதையும் சேர்த்து, ஒளிக்காமல் சொன்னேன்.

"கொக்கிளாயை விடாதேங்கோ, கட்டுரையில நன்றி சொல்லேக்க அவாவின்ர பேரை முதல் போடுங்கோ."

என் மோட்டாரை ஒருவர் தேத்தண்ணி குடித்தபடியும் ஒருவர் ஃபோனிலும் விளங்கிக்கொண்டார்கள். படித்த நான் ஒருத்திதான் அதை உப்பில்லாமல் ஓட்டப் பார்த்தவள்.