கண்மாய் நிறைவதற்குள்

என் கணவர் மில்லில் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டது ஒரு புரட்டாசி மாதத்தில். மேலே ஏதோ வயர் மாற்றப் போனவர், ஏணி வழுக்கி, சிமெண்ட் தரையில் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போய், வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்த படகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐப்பசி பொறந்தா கண்மாய்க்குத் தண்ணி வந்துரும். இத யாரு தயார் பண்றது?"

"டாக்டர் என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை.

விளாங்குடியில் அந்த நாளில் சைக்கிள் இல்லாத வீடுகள் நிறைய உண்டு. பாய்மரப் படகு இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். மில்லில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போனது அது. பஞ்சு குடோனில் ஒரு மூலையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததை, "தூக்கிட்டுப் போனாப் போதும்" என்று இவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் சில காலம் வேலை பார்த்தவர். மீன்பிடிக்கிற கூட்டாளிகளோடு கடலுக்குப் போய்ப் பாய் பிடிக்கக் கற்றிருந்தார். அதனால் ஆசை விடவில்லை. பரவைக் கண்மாயில் தண்ணீர் நிற்கிற நாலைந்து மாதமும் ஞாயிற்றுக்கிழமையானால் ஆள் வீட்டில் இருக்கமாட்டார். மாசி மாதம் தண்ணீர் வற்றியதும் படகு திரும்ப வேப்பமரத்தடிக்கு வந்து செங்கல்மேல் கவிழ்ந்துகொள்ளும். நான் அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளைப் பறித்துக்கொண்ட அந்தக் கட்டைமேல் எனக்குப் பிரியமும் கிடையாது.

அடுத்த வாரம் இடது கையால் பழைய பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். சமையல்கட்டில் நின்ற எனக்கு அந்தச் சத்தத்தில் பல் கூசியது. சுரண்டுகிற தகடு இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் கைநழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுப்பார், கட்டுப்போட்ட கை எதிலாவது இடிக்கும், "அம்மா" என்பார். மறுபடியும் சுரண்டுவார். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

"குடுங்க இங்க. எம்புட்டுச் சுரண்டணும்னு மட்டும் சொல்லுங்க."

"மரம் தெரியிற வரைக்கும்."

அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி குடித்த கையோடு கொல்லைக்குப் போய்விடுவேன். பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, வெயிலில் காய்ந்து வாய் பிளந்திருந்த பலகை இடுக்குகளில் மில் நூல்கழிவைத் திணித்தேன். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் பூசினேன். அந்தப் பிசின் விரல் நகத்தில் ஏறினால் இறங்காது. "என்ன டீச்சர், வீட்டுல வெள்ளையடிக்கிறீங்களா?" என்று தலைமையாசிரியை கேட்டார். படகு என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார், நம்பவில்லை.

இவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அங்க விட்டுப்போச்சு, இங்க மேடா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மூன்றாம் தடவையாக ஒரே இடத்தைத் தேய்க்கச் சொன்னதும் உப்புத்தாளைத் தரையில் எறிந்தேன்.

"இதுக்கு மேல ஒரு வார்த்த பேசினீங்க, இத விறகுக்கடைக்கு அனுப்பிருவேன்."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "சும்மா உக்காந்திருக்க முடியல புள்ள. கை பழையபடி வருமான்னு பயமா இருக்கு. அதான் வாய் பேசிக்கிட்டே இருக்கு" என்றார். கை பற்றி அவர் பயந்து பேசியது அன்றைக்குத்தான். நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடி தேய்த்தேன்.

பாயை எடுத்துப் பிரித்தபோது மடிப்பில் எலி கடித்திருந்தது. உள்ளே கை நுழைகிற அளவு ஓட்டை. பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அக்காவிடம் நல்ல தையல் மிஷின் இருந்தது. பாயைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இம்புட்டுப் பெரிய துணிய என் வீட்டுக்குள்ள எங்கம்மா விரிக்கிறது?" என்றார். பிறகு உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். இரண்டு பேருமாக மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்தார்கள். அக்கா மிதிக்க, நான் ஒரு பக்கமும் அவர் வீட்டுக்காரர் மறுபக்கமும் பாயைத் தூக்கிப் பிடித்து நகர்த்தினோம். சைக்கிளில் போனவர்கள் இறங்கி, உருட்டிக்கொண்டு சுற்றிப் போனார்கள். ஒருத்தர் நின்று, "என்ன அண்ணே, சர்க்கஸ் வருதா?" என்று கேட்டார். காடாத்துணியில் இரட்டை ஒட்டுப் போட்டு முடித்தபோது அக்காவுக்குக் கால் வலி. "இது கிழிஞ்சா என்கிட்ட வராத" என்றார்.

கடைசியில் படகை நிமிர்த்தி, உள்ளே தண்ணீர் ஊற்றச் சொன்னார் இவர். ஒழுகுகிற இடம் தெரியும், மரமும் ஊறி இடுக்கு தானே அடைபடும் என்றார். கிணற்றிலிருந்து குடம் குடமாக நான் இறைத்து ஊற்றுவதைப் பார்த்து அக்கா மதில்மேல் சாய்ந்து சிரித்தார். முதல் நாள் நாலு இடத்தில் ஒழுகியது. அடைத்தேன். ஊறப் போட்ட பிறகு ஒரே ஒரு இடத்தில் ஈரம் மட்டும் கசிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி மழையும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து கண்மாய் நிறைந்தது. மில் கூட்டாளிகள் டயர் வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு வந்து தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். பாய்மரத்தை நட்டு, பாயையும் ஏற்றிக் கொடுத்தார்கள். இவர் ஏறி, சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தார்.

"சுக்கான இடது கையால பிடிச்சிருவேன். பாய்க் கயிறப் பிடிக்க ஆள் வேணும். ஏறு."

"நானா? அந்த அண்ணன்மார்ல ஒருத்தரக் கூப்பிடுங்க."

"அவங்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனா இதோட ஒவ்வொரு பலகையும் உனக்குத்தான் தெரியும்."

லாரி டியூபில் காற்றடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.

கரை மெல்ல விலகியது. கயிற்றை இழுத்ததும் பாய் விம்மி, படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து ஓடியது. அடியில் தண்ணீர் கலகலவென்று உரசுகிற சத்தம் கேட்டது. என் பார்வை முழுக்க நான் அடைத்த இடுக்குகளில்தான் இருந்தது. ஒரு சொட்டு வரவில்லை. பயம் எப்போது போனது என்று கவனிக்கவில்லை. நாகமலைப் பக்கம் பார்த்தபடி போய், திரும்பி, கரைக்கு ஓரளவு கிட்டே வந்துவிட்டோம். அப்போதுதான் திடீரென்று காற்று அடித்தது.

"கயிற விடு! விடு!" என்று கத்தினார்.

கயிற்றை விட்டால் பாயிலிருந்து காற்று இறங்கிவிடும் என்பது தெரியாத எனக்கு விடத் தோன்றவில்லை. பயத்தில் அதைத்தான் இறுக்கிப் பிடித்தேன். படகு அப்படியே சரிந்து இரண்டு பேரையும் தண்ணீரில் கொட்டியது. டியூபைக் கட்டிக்கொண்டு ஓவென்று அலறினேன். அவர் பக்கத்தில் நின்று, "எந்திரி, நெஞ்சளவுதான் இருக்கு" என்றார். எழுந்து நின்றேன். அவருடைய மாவுக்கட்டு ஊறி, கஞ்சி மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை வெட்டி எடுத்துக்கொண்டே கேட்டார்: "என்னய்யா பண்ணுன?"

"கண்மாய்ல விழுந்துட்டேன் சார்."

"கட்டுப் போட்ட கையோட கண்மாய்ல உனக்கு என்ன வேல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். புதுக் கட்டுப் போட்டு, திட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அடுத்த ஞாயிறு கைக்குப் பாலித்தீன் பையச் சுத்திக்கிருங்க" என்றேன். அவர் நடையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தேன்.

கை கூடியது, ஆனால் முழுசாக நீட்ட வரவில்லை. தண்ணீரில் ஊறியதாலா, முதலிலேயே அப்படித்தானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடிக்க முடிந்தது, மில் வேலைக்குக் குறைவில்லை. காற்றில் விம்மும் பாயை இழுத்துப் பிடிக்கிற பலம் மட்டும் அதில் இல்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கயிறு என்னிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றைப் பொங்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பரவைக்குப் போவேன். கயிற்றை எப்போது விடவேண்டும் என்று பழகிக்கொள்ள எனக்கு அந்த முதல் வருஷம் தை மாதம்வரை ஆயிற்று.