தம்பிக்குப் படிப்பித்த ஊர்

தென்னாபிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றொரு நகரம் இருக்கிறது. ஒரு மாகாணத்தின் தலைநகர். நான் போனதில்லை, போகப்போவதுமில்லை. ஆனால் அங்கே இறக்கிவிட்டால் ஒருவரிடமும் வழி கேட்காமல் சுற்றிக்காட்டுவேன். சிவப்புச் செங்கல்லால் கட்டிய நகர மண்டபம், மேலே மணிக்கூட்டுக் கோபுரம். அதற்கு முன்பிருந்த மண்டபம் தீயில் எரிந்துபோனது. இந்தியாவிலிருந்து போன இளம் வக்கீல் ஒருவரை, வெள்ளைக்காரரின் பெட்டியில் இருந்தார் என்று இறக்கிவிட்ட ரயில் நிலையம். இரண்டு பக்கமும் பெருமரங்கள் நிற்கும் பூங்கா. கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழ்ச் சனத்தின் மாரியம்மன் கோயில், அங்கே தீமிதிப்பும் உண்டு. இவ்வளவையும் நான் படித்தது என் தம்பிக்காக.

மன்னாரில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். தங்க வருகிறவர்களை ஓட்டோவில் ஏற்றிக் கோட்டைக்கும் பள்ளிமுனையில் நிற்கும் பழைய ராட்சதப் பெருக்கமரத்துக்கும் கூட்டிப்போவதும் என் பொறுப்பு. கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், மரத்தை அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள், தெருவில் திரியும் கழுதைகளும் அவர்களோடு வந்தவைதான். இதில் பாதிக்கு நான் பொறுப்பில்லை. மரத்தின் வயதை ஒருநாள் ஐந்நூறு என்பேன், இன்னொருநாள் எழுநூறு என்பேன். அண்ணாந்து பார்க்கிற மனிதருக்கு ஒரு எண் வேண்டும், கொடுத்துவிடுவேன்.

தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவன். திரும்பி வந்தபின் அடம்பனில் வயல் வேலை, மன்னார்ச் சந்தையில் மீன் வெட்டும் வேலை என்று எதிலும் கால் ஊன்றவில்லை. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் வந்தான். முதலில் சுற்றுலாப் பயணியாகத் தென்னாபிரிக்கா, பிறகு மேலே என்பது அவன் திட்டம்.

"எயார்போட்டில மறிச்சு, ஏன் வந்தனீர் எண்டு கேப்பினம். ஊர் பாக்க எண்டாக் காணாது. என்ன பாக்க எண்டும் சொல்ல வேணும்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாள்களை நீட்டினான். ஊர்காட்டுவது என் தொழில் என்பதால் அவை என் கைக்கு வந்தன.

மூன்று கிழமை படிப்பித்தேன். பின்னேரங்களில் கதிரையில் அதிகாரி மாதிரி நிமிர்ந்து இருந்து கேள்வி கேட்பேன். பதில் வராவிட்டால் அவன் கூரையைப் பார்ப்பான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"தெரியாது எண்டு மட்டும் சொல்லாத. தெரியாட்டியும் டக்கெண்டு எதையாவது சொல்லு. ஊர் பாக்க வந்தவன் முழிச்சுக்கொண்டு நிக்கமாட்டான்."

"நீ வெள்ளைக்காரருக்குச் சொல்லுற மாதிரியோ அக்கா?"

"ஓம், அப்பிடித்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

போய்ச் சேர்ந்திட்டன் என்று செய்தி வந்ததும் "எங்க நிக்கிறாய்?" என்று கேட்டேன். உடனே வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினான். முதலாவதில் ஒரு செங்கல் சுவர், கீழே "நகர மண்டபம்" என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் ஆட்கள் இருக்கிற நீள வாங்கு ஒன்று, "அந்த ஸ்டேசன்தான் அக்கா". மூன்றாவதில் மரங்கள். எல்லாவற்றிலும் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து நின்றான், ஊருக்கு இடமே இல்லை. நாளைக்கு வெளிக்கிடுகிறோம் என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

ஏஜென்டின் தொலைபேசி செத்துவிட்டது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். கடைசியில் வெளிநாட்டு அமைச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெயரில் ஒருவரும் தென்னாபிரிக்காவுக்குள் வரவில்லையாம். ஏஜென்ட் வேறு பெயரில் கடவுச்சீட்டுச் செய்திருப்பான் என்று நானே முடிவு கட்டினேன். வாங்குக்குப் பின்னாலிருந்த தூணில் நாலைந்து எழுத்துகள் தெரிந்தன, நான் எங்கும் காணாதவை. அந்த நாட்டில் பல மொழிகள் என்று தாளில் இருந்தது, அதில் ஒன்றாக்கும் என்று அதையும் முடித்துவைத்தேன். அந்த நகரத்துப் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் அந்த நகரத்திலிருந்தே ஒரு கணவனும் மனைவியும் எங்கள் விடுதிக்கு வந்தார்கள். வயதானவர்கள், தமிழ் வம்சம், பேசுவது ஆங்கிலம் மட்டும். பெருக்கமரத்தடியில் நின்றபோது அவர்களுடைய ஊரை நான் ஒப்புவித்தேன். மண்டபம், நிலையம், பூங்கா. "எப்போது வந்தீர்கள்?" என்று அந்த அம்மா பூரித்துப்போனார். நான் படங்களைக் காட்டினேன்.

அவர் பெரிதாக்கிப் பார்த்தார், கணவரிடம் கொடுத்தார். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது எங்கள் நிலையம் இல்லை, மகளே. எங்கள் மொழிகள் எதையும் இந்த எழுத்தில் எழுதுவதில்லை. எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்துத்தான்."

எந்த நாட்டு எழுத்து என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்டபம், நிலையம், பூங்கா. தாளில் இருந்த அதே ஒழுங்கில் படங்கள் வந்திருந்தன. எங்கே நிற்கிறான் என்று அவனுக்கே தெரியாத ஏதோ ஒரு நாட்டில், "எங்க நிக்கிறாய்?" என்று அக்கா கேட்டதும் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறான். நான் படிப்பித்ததைப் பிழையில்லாமல் செய்திருக்கிறான். இரண்டு வருடம் அவன் இல்லாத ஊரில் அவனைத் தேடியிருக்கிறேன். இனி எந்த நாட்டில் யாருக்கு எழுதுவது?

எங்கே பார்ப்பது என்று புரியாமல் நின்ற அந்த மனிதர், மரத்துக்கு எத்தனை வயது என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் காத்திருந்தார். அந்த ஊர்ச் சனம் வருகிறது என்று காலையிலேயே சொல்லித் தொலைத்திருந்தேன்.

"என்னவாம் பிள்ளை?"

"நல்ல ஊராம் அம்மா. தம்பி படத்தில நிக்கிற பூங்கா இப்பவும் அப்பிடியே இருக்காம். நல்ல நிழலாம்."

"அதென்ன மரம்?"

தாளில் அது இல்லை.

"வேம்பு மாதிரி ஒண்டு" என்றேன், டக்கென்று.

"வேம்பெண்டா நல்ல குளிர்ச்சி" என்று சொல்லிவிட்டு அம்மா தேத்தண்ணி வைக்கப் போனார்.