மனுவேற்பிள்ளை முடிக்காத கை

இதைச் சொன்னால் குருநகரில் எவரும் சிரிக்கமாட்டார்கள். அன்று பின்னேரம் கல்லறைகள் நிறைந்த சேமக்காலையிலிருந்து நான் வெறுங்காலோடு ஓடிவந்ததைப் பாதி ஊர் பார்த்தது. எதற்காக ஓடினேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெரோசன். கல்லறைக் கல் செதுக்குவது என் தொழில். 2023 ஐப்பசியில் பாரிஸிலிருந்து மரியநாயகி அன்ரி தொலைபேசியில் அழைத்தார். கடற்கரையோரச் சேமக்காலையில் அவருடைய பூட்டனாரின் கல்லறை இருக்கிறது. அதன்மேல் ஒரு கல் சம்மனசு, இறக்கையுள்ள தேவதூதர். அதற்கு இடது கை மட்டும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே வெறும் கல் கட்டி.

“மரித்தோர் திருநாளுக்கு வாறன் தம்பி. எனக்கு எண்பதாகுது, இனி வரமாட்டன். அதுக்குள்ளை அந்தக் கையை முடிச்சுத் தா.”

அதைச் செதுக்கியவர் மனுவேற்பிள்ளை. நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர். பாய்க்கப்பல்களுக்கு முகப்பு உருவம் செதுக்கிப் பழகி, பிறகு கல்லறைச் சிற்பங்களுக்கு வந்தவர் என்பார்கள். எங்கள் கரையோரச் சேமக்காலைகளில் அவர் செய்த சம்மனசுகள் இன்னும் நிற்கின்றன. முகங்கள் சுமார்தான். ஆனால் கைகள்... நரம்பு புடைத்த கை, நகம் கடித்த கை, வலை இழுத்துக் காய்த்த கை. தொட்டால் சூடாக இருக்குமோ என்று தோன்றும்.

நானும் றொகானும் போனோம். றொகான் என் கூட்டாளி. சம்மனசு ஆளுயரத் தூணில் சாய்ந்து நிற்கிறது. தூணின் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரியாது. நான் இந்தப் பக்கம் இறக்கையில் இருந்த வெடிப்பை அடைத்தேன். றொகான் அந்தப் பக்கம், முடியாத கைக்கு அருகில், பாசி உரசினான்.

நாலரை மணி இருக்கும். மழை இருட்டு. லேசான தூறல்.

டக்... டக்... டக்...

உளிச் சத்தம். எனக்குக் கோபம் வந்தது.

“டேய், அந்தக் கையிலை உளி வைக்காதை எண்டு சொன்னனெல்லே?”

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்கியது. இப்போது மெதுவாக. மிக நுணுக்கமாக. றொகானுக்கு அப்படி அடிக்கத் தெரியாது.

டக்... டக்...

“கையைத் தா.”

தூணுக்குப் பின்னாலிருந்து குரல். கரகரத்த குரல். தொண்டைக்குள் தூசி போயிருக்கும் என்று நினைத்தேன். பாசி சுரண்ட மொட்டை உளியைக் கையில் தரச் சொல்கிறானாக்கும். என் வலது கையில் சாந்துக் கரண்டி. இடது கையால் உளியை எடுத்து, பாராமலே தூணைச் சுற்றி நீட்டினேன்.

உளியை யாரும் எடுக்கவில்லை.

அது கீழே விழுந்தது. என் கையைத்தான் பிடித்தார்கள்.

குளிர்ந்த கை. தூறலிலும் காய்ந்த கை. சுண்ணாம்புத் தூள் போல.

அது என் விரல்களைத் தடவியது. ஒவ்வொரு மூட்டாக. நகத்தின் ஓரமாக. கடைசியில் சின்னிவிரலில் நின்றது. சின்ன வயதில் மீன்பிடி வள்ளத்தில் நசுங்கி, வெளிப்பக்கமாக வளைந்த விரல் அது. அந்த வளைவைத் திரும்பத் திரும்பத் தடவியது.

“என்னடா செய்யிறாய்?”

பிடி இறுகியது.

“மச்சான்! தேத்தண்ணி ஆறப்போகுது!”

றொகானின் குரல்.

சேமக்காலை வாசல் படலையடியிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தான். எப்போது கடைக்குப் போனான்?

என் கை இன்னும் பிடியில் இருந்தது.

இழுத்தேன். விடவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். மெல்ல... மனமில்லாமல்... விட்டது.

றொகான் ஓடிவந்தான். இருவரும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம்.

யாரும் இல்லை.

ஈர மண்ணில் காய்ந்த வெள்ளைக் கல் தூள்.

கல் கட்டியில் புதிதாக நான்கு விரல்கள். பெருவிரல் மட்டும் இல்லை.

சின்னிவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

றொகான் அதைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். கோப்பைகள் விழுந்தன.

ஓடினோம்.

மூன்றாம் நாள் அன்ரியை அழைத்து, என்னால் இந்த வேலை முடியாது என்றேன். விடவில்லை, காரணம் கேட்டார். சொன்னேன்.

“தம்பி... ஆர் உமக்கு இதைச் சொன்னது?”

“எதை அன்ரி?”

“அந்த மனுவேற்பிள்ளைக்குக் கடைசிக் காலத்திலை ரெண்டு கண்ணும் தெரியாது. கல்லுத் தூள் பட்டுப் பழுதாய்ப் போச்சுது. பக்கத்திலை நிக்கிற ஆற்றையேன் கையை வாங்கித் தடவித் தடவித்தான் செதுக்குவாராம். அந்தச் சம்மனசுக்குக் கை குடுத்தது எங்கடை பூட்டி. ஒருநாள் என்னவோ பயந்துபோய்க் கையைப் பறிச்சுக்கொண்டு ஓடியிட்டாவாம்.”

“பிறகு?”

“விடியப் போய்ப் பாத்தால் தூணடியிலை அந்தாள் செத்துக் கிடந்தவராம். சவப்பெட்டிக்குள்ளை வைக்கேக்கையும் அந்தாளின்ரை கையை மடக்க முடியேல்லையாம், தம்பி. ஆற்றையோ கையைக் கேக்கிற மாதிரி... நீட்டினபடியே கிடந்ததாம்.”