செல்வமேரி எடுத்த குதிரைப் படம்

திருச்சி பாலக்கரையில் செல்வமேரி நடத்திய ஸ்டூடியோ அவள் புருஷன் பாக்கியநாதனுடையது. பக்கவாதத்தில் அவர் வலது கை விழுந்த பிறகு காமிரா அவள் கழுத்துக்கு வந்தது. பொம்பளை என்று கல்யாணத்துக்குப் படமெடுக்க அவளை யாரும் கூப்பிடவில்லை. சாவுக்குக் கூப்பிட்டார்கள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, கடைவாயைத் துடைத்து, பின்னால் ஒரு ஆளை ஒளித்து வைத்துக் கழுத்தைப் பிடிக்கச் சொல்லி எடுப்பாள். தூங்குகிற மாதிரியே இருக்கும். லால்குடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து அழைத்துப் போனார்கள்.

எழுபத்தொன்பதில், மாசி மாசத்து முகூர்த்த நாளில், வேறு போட்டோக்காரர் கிடைக்காமல் ஒரு கல்லூரியிலிருந்து அவளைத் தேடி வந்தார்கள். குதிரையேற்றப் போட்டியாம். ஜட்கா வண்டியில் பூட்டியதைத் தவிர அவள் குதிரையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பிணமில்லாத வேலை என்பதற்காகவே உடனே சரியென்றாள். நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள்.

மைதானத்தில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலிருந்து குனிந்து பார்க்கிற காமிரா அது. அதன் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். அசையாத பிணத்துக்கு அதனால் ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. இங்கே குதிரை வருகிற பக்கம் ஒன்று, கண்ணாடியில் தெரிகிற பக்கம் இன்னொன்று. பதறித் திருப்பினால் குதிரையே இல்லை. பையன்கள் அவளுக்குப் பின்னால் கூட்டமாக நின்று சிரித்தார்கள். வாலாவது படத்தில் விழுந்ததா என்று ஒருத்தன் கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஃபிலிமைச் சுற்றினாள்.

கோப்பை விக்டருக்குப் போனது. வாழைத்தார் மண்டிக்காரர் மகன். பிஜிலி என்ற செம்பட்டைக் குதிரையில் தடுப்புக் குச்சி ஒன்றுகூட விழாமல் தாண்டியிருந்தான். இறங்கினதும் நேராக அவளிடம் வந்து, தாண்டினது படத்தில் விழுந்ததா என்று கேட்டான். அவளால் பொய் சொல்ல முடியவில்லை. நிச்சயமாகத் தெரியவில்லை தம்பி என்றாள்.

"அப்ப இன்னொரு தடவை தாண்டுறேன்."

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் நசுருதீன் குறுக்கே வந்தார். அதற்கு நுரை தள்ளிவிட்டது, போதும் என்று கெஞ்சினார். பி.டி. மாஸ்டர் கேட்காத மாதிரி அந்தப் பக்கம் பார்த்தார். விக்டர் திரும்ப ஏறித் தாண்டினான். அவள் அப்போதும் விட்டுவிட்டாள். கூட்டம் ஊளையிட்டது. படம் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று விக்டர் குச்சியை இன்னும் ஒரு படி ஏற்றச் சொன்னான். எடுத்தாகிவிட்டது என்று அவள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது தடவை பிஜிலியின் முன்னங்கால் குச்சியில் சிக்கியது. விழுந்த குதிரை எழப் பார்த்தது. கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் தொங்கியது. விக்டருக்கு முழங்கையில் சிராய்ப்புதான். மண்ணைத் தட்டிவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரை பக்கத்தில் வந்து நின்றான்.

"இப்ப அசையாதுல்ல, எடுங்க அக்கா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அன்று முழுவதும் தெரியாமல் தடுமாறிய கைக்கு இது தெரிந்த வேலை. முந்தானையால் குதிரையின் வாய் நுரையைத் துடைத்தாள். நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். தலை நிற்காமல் மண்ணுக்கே சரிந்தது. நசுருதீனை அதன் கழுத்துக்குப் பின்னால் படுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவர் அழுதுகொண்டே பிடித்தார்.

"உங்க தலை தெரியுது பாய். இன்னும் குனிங்க."

படம் துல்லியமாக விழுந்தது. அவள் கிளம்பின பிறகு மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டு அதைச் சாகடித்தாராம். அன்று சாயங்காலமே ஸ்ரீரங்கத்தில் ஒரு சாவு. கை நடுங்கும் என்று பயந்துகொண்டே போனாள். நடுங்கவில்லை.

பிரிண்டில் பிடரி மயிருக்கு நடுவே நசுருதீனின் விரல்கள் தெரிந்தன. பிரஷ்ஷால் மையிட்டு மறைத்தாள். வென்றவனுக்குக் குதிரை மண்டியிட்டு வணக்கம் சொல்வதாக எழுதிக் கல்லூரி ஆண்டு மலரில் அதைப் போட்டார்கள். மண்டிக்காரர் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஒரு மாசம் கழித்து நசுருதீன் கடைக்கு வந்தார். பிஜிலி மட்டும் இருக்கிற படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நெகடிவ்களை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். வெறும் குச்சிகள், ஒரு பின்னங்கால், கலங்கின ஒரு வால். மலரில் வந்த அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அது தலையைக் கீழ வைக்கத்தாம்மா பார்த்துச்சு. நான்தான் விடல."

தண்ணீர் குடிக்கச் சொன்னாள். வேண்டாமென்று போய்விட்டார். உள்ளறையிலிருந்து பாக்கியநாதன் யாரென்று கேட்டதற்கு, வழி கேட்டு வந்தவர் என்றாள்.

அடுத்த வருஷமும் கல்லூரியில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். போனாள். குதிரை குச்சிக்கு வருமுன்பே காமிராவைக் குச்சியில் நிறுத்தி வைத்துக் காத்திருக்கப் பழகியிருந்தாள். எல்லாம் நன்றாக விழுந்தன. விக்டரின் தம்பி ஜெயித்தான். லாயத்துப் பக்கம் அவள் போகவில்லை. அங்கே இப்போது யார் வேலை பார்க்கிறார்கள் என்றும் கேட்கவில்லை.